தடிச் சுவர் இறங்கும். மேஸ்திரிக்குத் தெரிந்திருக்க வேண்டும்

கனடாவின் கியூபெக் மாகாணத்தில், மோன்ட்டெபெல்லோ ஊரில் ஒரு பிரம்மாண்டமான மர விடுதி இருக்கிறது. 1930-ல் கட்டியது. வெஸ்டர்ன் ரெட் சிடார் என்ற மரத்தின் முழுத் தடிகள் சுமார் 10,000, ஆட்கள் 3,500 பேர், நாலே மாதம். தடி வேலைக்குத் தலைமை மேஸ்திரி, பின்லாந்தில் பிறந்த விக்டர் நைமார்க். எல்லாரும் அந்த வேகத்தைத்தான் புகழ்கிறார்கள். மரத் தேர்வையும் பேச வேண்டும். சிடார் காயும்போது அதிகம் சுருங்காது, எளிதில் உளுத்தும் போகாது.

காயாத பச்சைத் தடியைப் படுக்கவைத்து எழுப்பும் சுவர், தடி காய்ந்து சுருங்கச் சுருங்க, உயரத்தில் அடிக்கு முக்கால் அங்குலம் இறங்கும் என்பது பொதுக் கணக்கு. 8 அடிச் சுவருக்கு 6 அங்குலம்! மரம் குறுக்குவாட்டில்தான் சுருங்கும், நீளவாட்டில் அநேகமாகச் சுருங்காது. அதனால் சுவர் இறங்கும்போது நட்டுவைத்த தூண் அப்படியே நிற்கும். அதன் தலையில் உத்தரம் தொங்கி, தடிகளுக்கிடையே வெளிச்சம் தெரியும். தூணுக்கடியில் திருகு ஜாக்கி (திருகி உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் தாங்கி) வைத்து, சுவர் இறங்க இறங்கத் தளர்த்திக்கொண்டே வர வேண்டும்.

4 அடி உயர ஜன்னலுக்கு மேலே 3 அங்குலம் இடைவெளி விடுங்கள். கம்பளியை அடைத்து, மறைப்புப் பலகையை மேல் தடியில் மட்டும் ஆணியடியுங்கள். கீழே ஜன்னல் நிலையிலும் சேர்த்து அடித்தால் சுவர் அதிலேயே தொங்கும், அல்லது கண்ணாடி உடையும். கல் புகைபோக்கியும் இறங்காது. கூரையை அதன்மேல் தாங்கவிடக் கூடாது. கூரையில் ஒரு தகடு, கல்லில் ஒரு தகடு, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும்படி இருக்க வேண்டும்.

தடிமேல் தடி பொருத்துவதில்தான் கைத்திறன் தெரியும். அடிப்பக்கமும் நுனிப்பக்கமும் வரிசைக்கு வரிசை மாறி வரட்டும், இல்லாவிட்டால் சுவர் ஒருபக்கம் ஏறிவிடும். ரசமட்டம் பொருத்திய கவராயத்தை, இரண்டு தடிகளுக்கும் நடுவே இருக்கும் மிகப் பெரிய இடைவெளியைவிடச் சற்றுக் கூடுதலாகத் திறந்து, கீழ்த்தடியின் மேடுபள்ளத்தை மேல்தடியில் கோடாக இறக்க வேண்டும். குமிழி நகர்ந்தால் கோடு பொய். கோட்டுக்கு உள்ளே குழிவாகச் செதுக்குங்கள், விளிம்புகள் மட்டும் உட்காரட்டும். நடுவில் முட்டினால் விளிம்பு தூக்கிக்கொண்டு காற்று புகும். அந்தக் குழிக்குள் பாசியோ கம்பளியோ போகும்.

ஒவ்வொரு தடியின் முதுகிலும் நீளவாக்கில் ஒரு ரம்ப வெட்டு போட்டுவிடுங்கள். காயும்போது வெடிப்பு பெரும்பாலும் அங்கேதான் திறக்கும், மேல்தடி அதை மூடிக்கொள்ளும். வெளிப்பக்கம் வெடித்து வாய் மேல்நோக்கி இருந்தால் மழைநீர் தேங்கி உளுப்பு அங்கிருந்துதான் தொடங்கும். அகலமான கூரைத் தாழ்வாரமும், தரையிலிருந்து ஒன்றரை அடியாவது உயர்ந்த கல் அடித்தளமும் வேண்டும் என்பது அதனால்தான்.