கடைசி வளைவுல ஒரு தட்டு

12 வருஷம் ஒரு அம்யூஸ்மென்ட் பார்க்ல வேலை பார்த்தேன், பேரு வேண்டாம். சேர்ந்தப்ப ரைடு ஆபரேட்டர், அப்புறம் மெயின்டனன்ஸ் மெக்கானிக். கடைசி ரெண்டு வருஷம் ஆளுங்கள குறைச்சதால வாரத்துல ரெண்டு நாள் புகார் கவுன்ட்டர்லயும் உக்கார வச்சாங்க. ஒர்க்‌ஷாப்ல இருந்தவன் அந்த கவுன்ட்டர்ல உக்காந்தப்ப தான் ஒண்ணு புரிஞ்சுது, வெளியாளுக்கு எங்க தெரிய போகுதுன்னு நாங்க விட்ட எதுவுமே வருஷா வருஷம் வர்றவங்களுக்கு தெரியாம போகல.

ஒரு பெரியவர் இருந்தார், பேத்திய கூட்டிட்டு வருவார், ரோலர் கோஸ்டர்ல எப்பவும் கடைசி வரிசை தான் கேப்பார். விவரம் தெரிஞ்சவங்க தான் அத கேப்பாங்க, ஏன்னா உச்சிய தாண்டுறப்ப முன்னாடி பெட்டியெல்லாம் ஏற்கனவே கீழ இறங்க ஆரம்பிச்சிருக்கும், அதுங்க இழுக்குற இழுப்புல கடைசி பெட்டி உச்சிய வேகமா தாண்டும், உடம்பு சீட்ட விட்டு எழும்பும். ஒரு நாள் அவர் இறங்கி வந்து கம்பிகிட்ட நின்னு ஆபரேட்டர் பையன்கிட்ட சொல்றார், "தம்பி, ஸ்டேஷனுக்கு வர்றதுக்கு முன்னாடி கடைசி வளைவு இருக்குல்ல, அங்க இடது பக்கம் ஒரு தட்டு தட்டுது. போன தடவ வந்தப்ப இல்ல." பையன் புதுசு, "கோஸ்டர்னா கொஞ்சம் குலுங்க தான் சார் செய்யும்"னு சொல்லி அனுப்பிட்டான். நான் பக்கத்துல டூல் பாக்ஸ மூடிட்டு இருந்தேன், காதுல விழுந்துச்சு.

மறுநாள் காலைல ட்ரெயின மெயின்டனன்ஸ் தண்டவாளத்துக்கு தள்ளி பார்த்தோம். தெரியாதவங்களுக்கு சொல்றேன், கோஸ்டர் பெட்டிக்கு மூணு விதமா சக்கரம் இருக்கும், எடைய தாங்குறதுக்கு மேல ஓடுறது ஒண்ணு, வளைவுல பக்கவாட்டுல புடிச்சுக்கறது ஒண்ணு, ட்ரெயின் தண்டவாளத்த விட்டு மேல எழும்பாம கீழ இருந்து புடிச்சுக்கறது ஒண்ணு. கீழ வர்ற அந்த சக்கரத்துக்கு ஜான் மில்லர்னு ஒரு அமெரிக்க கோஸ்டர் டிசைனர் 1919ல பேட்டன்ட் வாங்கினார், அது வந்த பிறகு தான் இவ்ளோ செங்குத்தா இறக்கம் போட முடிஞ்சுது. எங்க ட்ரெயின்ல கடைசி பெட்டியோட இடது பக்கவாட்டு சக்கரத்துல மேல இருக்குற, ரப்பர் மாதிரியான பாலியூரித்தேன் பூச்சு விரல் நகம் அளவுக்கு பேந்து போயிருந்துச்சு. பெரியவர் சொன்ன அதே இடம், அதே பக்கம்.

அத நாங்க கண்டுபுடிச்சிருக்கணும். முன்னாடி காலை ஷிஃப்ட்ல அஞ்சு பேர் இருந்தோம். தண்டவாளம் ஓரமா நடந்து ஒவ்வொரு ஜாயின்ட்டா பார்ப்போம், போல்ட்ட சரியான அளவுக்கு முறுக்கின பிறகு நட்டுக்கும் தகடுக்கும் சேர்த்து பெயின்ட்ல ஒரு கோடு போட்டிருப்போம், அந்தக் கோடு ஒரு மயிரிழை விலகியிருந்தாலும் போல்ட் தளர்ந்திருக்குன்னு அர்த்தம். சக்கரத்த கையால சுத்தி விட்டு காத வச்சு கேப்போம், அப்புறம் ஆளில்லாம ட்ரெயின ஓட விட்டு கீழ நின்னு சத்தத்த கேப்போம். அஞ்சு பேர் ரெண்டு பேரா ஆனப்ப கூட செக்லிஸ்ட் அதே நாலு பக்கம் தான், கேட் திறக்குற நேரமும் அதே நேரம் தான். நடக்க வேண்டிய இடத்துல எட்டி பார்த்துட்டு டிக் போட்டோம். நானும் தான் போட்டேன், அது இன்னிக்கு வரைக்கும் எனக்கு உறுத்துது.

சக்கரத்த மாத்தணும், ஸ்டோர்ல ஸ்பேர் இல்ல. ஆர்டர் போட்ட பேப்பர் எங்கயோ கையெழுத்துக்கு காத்துட்டு இருக்கு. அதனால ஷெட்ல நின்ன ரெண்டாவது ட்ரெயின்ல இருந்து கழட்டி இதுல மாட்டினோம். ஒரு ரைடோட வீழ்ச்சி இப்படி தான் ஆரம்பிக்குது. ரெண்டாவது ட்ரெயின் ஒரு வாரம் சர்வீஸுக்குன்னு தான் உள்ள போச்சு, அதுல இருந்து ஒரு சக்கரம், அப்புறம் ஒரு பேரிங், அப்புறம் சீட் லாக்கோட ஸ்பிரிங்னு ஒவ்வொண்ணா கழட்டி கழட்டி கடைசில அது எலும்புக்கூடா ஆயிடுச்சு, திரும்ப வெளிய வரவே இல்ல.

இதோட விளைவு வாசல்ல க்யூவா நிக்கும். கணக்கு ரொம்ப சிம்பிள். ஒரு ட்ரெயின்ல 24 பேர். ரெண்டு ட்ரெயின் ஓடினா ஒண்ணு சுத்திட்டு இருக்குறப்பவே இன்னொண்ணுல ஆள ஏத்திடலாம், ரெண்டு நிமிஷத்துக்கு ஒண்ணு கிளம்பும், மணிக்கு 720 பேர். ஒத்த ட்ரெயின்னா அது சுத்திட்டு வந்து, ஆள இறக்கி, ஏத்தி, பெல்ட் பார்த்து அனுப்ப நாலு நிமிஷம், மணிக்கு 360. கூட்டம் கூடவே இல்ல, ஆனா முன்ன ஒரு மணி நேரம் நின்ன க்யூ இப்ப ரெண்டு மணி நேரம் ஆயிடுச்சு. கவுன்ட்டர்ல வந்து "முன்னெல்லாம் ஒரு நாள்ல பத்து ரைடு போவோம், இப்ப நாலு தான் முடியுது"ன்னு சொல்றவங்க மிகைப்படுத்தி சொல்றாங்கன்னு ஆபீஸ்ல நினைச்சாங்க. இல்லீங்க, அவங்க சொன்ன கணக்கு எங்க லாக் புக்குல இருக்குற கணக்கோட அப்படியே ஒத்து போச்சு.

கவுன்ட்டர்ல எங்களுக்கு சொல்லிக் குடுத்த பதில் ஒண்ணே ஒண்ணு தான், "பராமரிப்புப் பணி நடக்குதுங்க, சீக்கிரம் சரியாயிடும்." முதல் மாசம் அத நம்பியே சொன்னேன். அப்புறம் ஒவ்வொரு தடவயும் சொல்றப்ப எதிர்ல நிக்கறவங்க முகத்த பார்க்க முடியாது, ஏன்னா எந்த பராமரிப்பும் நடக்கலன்னு அந்த இடத்துல என்னைவிட நல்லா தெரிஞ்சவன் யாரும் இல்ல.

ஒரு அம்மா அலைக்குளம் பத்தி சொன்னாங்க, "க்ளோரின் நெடி இப்ப ரொம்ப அடிக்குது, நிறைய கொட்டறீங்க போல, புள்ளைங்களுக்கு கண்ணு எரியுது"ன்னு. அவங்க சொன்ன காரணம் தப்பு, ஆனா புகார் சரி. அந்த நெடி க்ளோரின் அதிகமானதால வர்றதில்ல, வேர்வையும் மூத்திரமும் தண்ணில இருக்குற க்ளோரினோட சேர்ந்து க்ளோரமைன்னு ஒண்ணா மாறுது, நெடியும் கண்ணெரிச்சலும் அதோட வேலை. சுத்தமா வச்சிருக்குற குளத்துல அந்த நெடி பெருசா அடிக்காது. ஃபில்டர் மணல் மாத்தி வருஷமாச்சு, புது தண்ணி விடுறத குறைச்சாச்சு, அது தான் நிஜம். நான் அவங்ககிட்ட என்ன சொன்னேன்? பராமரிப்புப் பணி நடக்குதுங்க.

இன்னும் நிறைய இருக்கு, பியூஸ் போன பல்பு வரிசை, பேய் வீட்டுல உருவம் அசையாம சத்தம் மட்டும் வர்றது, சறுக்குல ஜாயின்ட்டுக்கு ஜாயின்ட் வச்ச சீலன்ட் கிழிஞ்சு முதுக உரசுறது. ஒவ்வொண்ணும் தனியா பார்த்தா சின்னது தான். முதல் தடவ வர்றவங்க கவனிக்கக் கூட மாட்டாங்க, சந்தோஷமா தான் போவாங்க. அதனால தான் நிர்வாகம் பழைய ஆளுங்க பேச்ச "அவங்களுக்கு எப்பவும் பழசு தான் ஒசத்தி"ன்னு ஒதுக்கிடுச்சு.

எனக்கு அதுல தான் கோவம். பழசு ஒசத்தின்னு அவங்க யாரும் சொல்லல, பழைய மாதிரி பார்த்துக்கோங்கன்னு தான் சொன்னாங்க. வயசாறதுக்கும் பாழாறதுக்கும் ஏணி வச்சாலும் எட்டாது. கோபன்ஹேகன் டிவோலி பார்க் 1843ல திறந்தது, அங்க இருக்குற மரக் கோஸ்டர் 1914ல கட்டினது, இன்னும் ட்ரெயின்லயே ஒரு ஆள் உக்காந்து கையால ப்ரேக் புடிச்சு ஓட்டறாங்க. நியூயார்க் கோனி ஐலண்ட்ல சைக்ளோன் 1927ல இருந்து இருக்கு. அமெரிக்காவுல லீப் த டிப்ஸ்னு ஒண்ணு 1902ல கட்டினது, 1985ல மூடி பல வருஷம் சும்மா கிடந்துச்சு, அப்புறம் ரிப்பேர் பண்ணி 1999ல திறந்தாங்க. நூறு வருஷ மரத்த நிமித்த முடியுது, எங்க கோஸ்டர் இரும்பு, அதுக்கு 20 வருஷம் கூட ஆகல.

ஒண்ணு மட்டும் நியாயமா சொல்லிடறேன், ஓட்டக் கூடாதுன்னு தெரிஞ்ச எதையும் நாங்க ஓட்டல. வருஷத்துக்கு ஒரு தடவ ஆக்ஸில கழட்டி பெயின்ட்ட சுரண்டி காந்தப் பொடி போட்டு விரிசல் பார்க்கற டெஸ்ட்ட நான் இருந்த வரைக்கும் யாரும் தள்ளி போடல. ஒரு ரைடுல அந்த மாதிரி விரிசல் தெரிஞ்சப்ப அன்னிக்கே மூடினோம், அத மூடினது சரி தான். ஆனா அது முன்னாடி "தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது"ன்னு வச்ச போர்டு மூணு கோடைய பார்த்துச்சு, செவப்பு எழுத்து வெளுத்து ரோஸ் கலராயிடுச்சு. வருஷா வருஷம் வர்ற ஒரு குடும்பம் அந்த போர்டு முன்னாடி நின்னு ஃபோட்டோ எடுத்துட்டு போனாங்க, எதுக்குன்னு நான் கேக்கல.

அப்புறம் ஒரு வருஷம் மீட்டிங்ல ஒரு க்ராஃப் காமிச்சாங்க. புகார் பாதியா குறைஞ்சிருக்கு, எல்லாருக்கும் பாராட்டு. கை தட்டினாங்க. நான் அன்னிக்கு சாயங்காலம் பழைய புகார் நோட்ட எடுத்து புரட்டி பார்த்தேன். வருஷா வருஷம் எழுதினவங்க கையெழுத்து எனக்கு தெரியும், பெரியவர் எழுத்து குண்டு குண்டா இருக்கும், எந்த ரைடு, எந்த வரிசை, எத்தன மணிக்குன்னு எல்லாத்தையும் எழுதுவார். அந்த வருஷ நோட்டுல அவர் எழுத்து ஒரு பக்கத்துல கூட இல்ல. பாஸ் புதுப்பிக்கற லிஸ்ட்லயும் பேர் இல்ல. திட்டிட்டு இருந்த வரைக்கும் அவங்க எங்க ஆளுங்களா இருந்திருக்காங்க, எழுதறத நிறுத்துனப்ப வர்றதையும் நிறுத்திட்டாங்க, அத தான் நாங்க கை தட்டி கொண்டாடியிருக்கோம்.

அதே வருஷம் தான் அந்த குதிரை விஷயமும். ஒரு பொண்ணு, கைல ஒரு பழைய ஃபோட்டோ, கூட நாலு வயசு பையன். ஃபோட்டோல அவங்க சின்ன வயசுல எங்க குடைராட்டினத்துல ஒரு பழுப்பு குதிரை மேல உக்காந்திருக்காங்க. அதே குதிரைல பையன உக்கார வச்சு எடுக்கணும்னு வந்திருக்காங்க. "வெளி வரிசைல தாங்க இருந்துச்சு, இப்ப அந்த எடத்துல கம்பி மட்டும் தான் இருக்கு, குதிரை எங்க?" கால் உடைஞ்சு ஒர்க்‌ஷாப்ல தார்பாய்க்கு அடில ரெண்டு வருஷமா கிடக்குன்னு எனக்கு தெரியும். வழக்கமா சொல்றத சொன்னேன். அவங்க வேற ஒரு குதிரைல ஏத்தினாங்க, ஃபோட்டோ எடுத்தாங்க, போறப்ப திரும்பி வந்து, "கோச்சுக்காதீங்க, மத்த குதிரையெல்லாம் கூட முன்ன மாதிரி இல்ல. கண்ணுல இமை இருக்கும், ஒவ்வொரு முடியா தெரியும், நான் தடவி பார்த்திருக்கேன். இப்ப மொழுக்குன்னு இருக்கு"ன்னாங்க.

ஃபைபர் குதிரைக்கு ஏது இமைன்னு நினைச்சேன். 12 வருஷத்துல எத்தன தடவ பக்கத்துல நின்னு க்ரீஸ் போட்டிருக்கேன், நான் பார்த்ததே இல்ல. சின்ன வயசு ஞாபகம், அவங்களா சேர்த்துக்கிட்டாங்கன்னு தான் முடிவு பண்ணேன்.

வேலைய விடுறதா முடிவானப்ப நோட்டீஸ் காலம் ஒரு மாசம் இருந்துச்சு. ஷிஃப்ட் முடிஞ்ச பிறகு அந்த குதிரைய எடுத்து வச்சேன், யாரும் சொல்லல, யாரும் தடுக்கவும் இல்ல. காலுக்கு ஃபைபர் மேட்டும் ரெசினும் போட்டு ஒட்டினேன். குடைராட்டின குதிரைல கூட்டத்த பார்க்குற வெளிப்பக்கத்துல தான் வேலைப்பாடு அதிகமா இருக்கும், அந்தப் பக்கம் பெயின்ட் பொருக்கு பொருக்கா இருந்துச்சு, சரி தேய்ச்சிட்டு அடிக்கலாம்னு உப்புத்தாள் எடுத்தேன். மேல வெள்ளை, அதுக்கு கீழ நீலம், அதுக்கு கீழ மறுபடி வெள்ளை, அப்புறம் ஒரு மட்டமான சாம்பல். ஒவ்வொரு சீசனுக்கும் பழைய பெயின்ட்ட சுரண்டாம மேலயே அடிச்சுட்டே வந்திருக்கோம், சுரண்ட ஆள் வேணும், நாள் வேணும். சேணத்து பக்கிள் வெளிய வந்துச்சு, அப்படி ஒண்ணு இருக்குறதே எனக்கு தெரியாது.

கண்ணுகிட்ட வந்தப்ப தேய்க்கற மிஷின நிறுத்திட்டு, தாள சின்னதா மடிச்சு தண்ணி தொட்டு விரலாலயே தேய்ச்சேன். பழுப்பு வந்துச்சு. அதுக்கு மேல மெல்லிசா, மேடா, பக்கத்து பக்கத்துல ஆறு கோடு. விரல் நுனிய வச்சு தடவி பார்த்தேன்.