இரைப்பைப் புற்றுநோயில் அத்தனை நெறிகட்டிகளையும் ஏன் எடுக்கிறார்கள்?

மார்பகப் புற்றுநோய்க்கு ஓரிரு நெறிகட்டிகளைப் பார்த்தே முடிவு சொல்கிறார்களே, தம் அண்ணனுக்கு இரைப்பையைச் சுற்றியிருந்த அத்தனையையும் ஏன் எடுத்தார்கள் என்று ராயபுரத்தில் எங்கள் தெருவிலுள்ள அக்கா ஒருவர் கேட்டார். திசுக்களைச் சோதித்து நோயறியும் பெத்தாலஜி மருத்துவராக இதற்கு விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

கட்டியிலிருந்து வடியும் நிணநீர் முதலில் போய்ச் சேரும் நெறிகட்டிக்கு, அதாவது நிணநீர் முடிச்சுக்கு, சென்டினல் முடிச்சு என்று பெயர். அதில் புற்றணு இல்லையென்றால் அடுத்தவற்றிலும் இராது என்பதே கணிப்பு. 1992-ல் அமெரிக்க அறுவை மருத்துவர் மார்ட்டனின் குழுவினர் மெலனோமா என்னும் தோல் புற்றுநோயில் சாயம் செலுத்தி இம்முறையை நிலைநாட்டினர். பின்னர் மார்பகப் புற்றுநோயில் அக்குள் முடிச்சுகளை முழுதாக அகற்றிக் கை வீங்கும் துன்பத்திலிருந்து இது பலரைக் காத்தது.

இரைப்பையிலோ நிணநீர் ஒரே வழியில் ஓடுவதில்லை. பல இரத்தக்குழாய்களை ஒட்டிப் பல திசைகளில் பிரிகிறது, சில வேளை அருகிலுள்ள முடிச்சைத் தாண்டியும் போய்விடுகிறது. ஜப்பானில் சாயத்தோடு கதிரியக்கப் பொருளையும் செலுத்தி 397 பேரிடம் நடந்த ஆய்வு நல்ல முடிவைத் தந்தது. ஆனால் இண்டோசயனின் கிரீன் சாயத்தை மட்டும் நம்பி, அறுவையின்போதே முடிச்சை உறையவைத்து ஒரே தளத்தில் வெட்டிய ஃப்ரோசன் செக்‌ஷனைப் பார்த்த மற்றொரு ஜப்பானிய ஆய்வில், பரவல் இருந்தவர்களில் 46 சதவீதத்தினருக்கு அது தவறிப்போனதால் ஆய்வையே நிறுத்தினார்கள். இதில் எனக்கு வியப்பில்லை. கொழுப்பு சரியாக உறையாது. கிரையோஸ்டாட் என்னும் உறைநிலை வெட்டுக்கருவியில் வெட்டும்போது முடிச்சைச் சுற்றிய கொழுப்பு கிழிந்து மடங்கும், அறுவை அரங்கிலோ நோயாளி மயக்கத்தில் காத்திருப்பார், அந்த ஒரு வெட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கும் சிறு புற்றணுக் கூட்டம் கண்ணில் படாது.

கொரியாவின் செனோரிட்டா ஆய்வில், சென்டினல் முடிச்சைப் பார்த்து இரைப்பையைக் காத்தவர்களின் வாழ்க்கைத்தரம் மேம்பட்டது. எனினும் 3 ஆண்டு நோயற்ற வாழ்வு வழக்கமான அறுவையில் 95.5 சதவீதமாகவும் இம்முறையில் 91.8 சதவீதமாகவும் இருந்ததால், இது அதற்குக் குறைந்ததல்ல என்று நிறுவ முடியவில்லை. இவையெல்லாம் ஆரம்பநிலைக் கட்டிகளுக்கானவை. நம் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கத்தில் பலர் வயிற்றெரிச்சலுக்கு மருந்துக்கடை மாத்திரையிலேயே மாதக்கணக்கில் காலம் தள்ளிவிட்டு, எடை இறங்கிய பிறகே எண்டோஸ்கோபிக்கு வருகிறார்கள். தசை அடுக்கைத் தாண்டிவிட்ட கட்டிக்கு, அந்த அண்ணனுக்குச் செய்ததைப் போல, முடிச்சுகளை முறையாக அகற்றுவதே சரி.

பெருங்குடலில் கணக்கு வேறு. குடலோடு முடிச்சுகள் பொதிந்த அதன் மடிப்புக் கொழுப்பையும் எப்படியும் எடுத்துவிடுவதால் சென்டினல் முறை அறுவையைச் சிறிதாக்குவதில்லை. குறைந்தது 12 முடிச்சுகளை நாங்கள் விரலால் தடவித் தேடி எடுத்துப் பார்த்தாக வேண்டும். அவற்றுள் எதை மெல்லிய அடுக்குகளாக வெட்டி, புற்றணுவைக் காட்டும் கெராட்டின் சாயமேற்றிக் கூர்ந்து பார்க்க வேண்டும் என்பதைக் காட்டித் தருவதே அங்கே சென்டினல் முறையின் பயன்.