அவர் சொல்வதும் சாட்சியமே

லண்டனிலுள்ள ஒரு கிரவுன் கோர்ட்டில் (கடுமையான குற்ற வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றம்) ஜூரியாக, அதாவது வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பன்னிரண்டு பொதுமக்களில் ஒருவராக, இருக்கும்படி எனக்குக் கடிதம் வந்தது. வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் பெயர் எடுக்கிறார்கள். எனக்குக் கிடைத்தது பாலியல் வன்முறை வழக்கு.

ஜூரி அறைக்குள் நாங்கள் பேசியதை வெளியே சொல்வது இங்கிலாந்தில் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். முறையிட்ட பெண்ணின் அடையாளமும் அவருடைய ஆயுள் முழுவதும் காக்கப்படவேண்டும். ஆகவே வழக்கின் விவரங்களையும் தீர்ப்பையும் தவிர்த்து, விசாரணை நடந்த விதத்தை மட்டும் எழுதுகிறேன்.

அந்தப் பெண் போலீசிடம் பேசிய காணொளியே முதல் வாக்குமூலமாக ஓடியது. குறுக்கு விசாரணையின்போது திரை மறைப்பு இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவரால் அவரைப் பார்க்க முடியாது, எங்களால் முடியும். அந்தப் பெண்ணின் கடந்தகாலப் பாலியல் உறவுகளைப் பற்றி நீதிபதியின் அனுமதியின்றிக் கேட்க 1999ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தரவில்லை. அந்தக் கேள்விகள் வந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருந்த எனக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் "ஏன் உடனே சொல்லவில்லை?" என்ற கேள்வி வெவ்வேறு வடிவங்களில் வந்துகொண்டே இருந்தது.

அதற்கு நீதிபதி தந்த வழிகாட்டுதலை நான் மறக்கமாட்டேன். இப்படிப்பட்ட கொடுமைக்கு ஆளானவர் இப்படித்தான் நடந்துகொள்வார் என்று எந்த விதியும் இல்லை. தாமதமாகச் சொன்னதாலேயே பொய்யாகிவிடாது, அழுததாலேயே உண்மையாகிவிடாது. நம் குடும்பங்களில் "பார்த்த சாட்சி உண்டா?" என்றுதான் முதலில் கேட்கிறோம். 1994 வரை இங்கேயும் நீதிபதிகள், வேறு ஆதாரமின்றி அந்தப் பெண்ணின் சொல்லை மட்டும் நம்புவது ஆபத்து என்று ஜூரியை எச்சரிக்கவேண்டியிருந்தது. அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது மிகச் சரி. பெரும்பாலும் வேறு யாருமற்ற இடத்தில் நடக்கும் குற்றத்துக்கு வேறு யாரைச் சாட்சியாகக் கொண்டுவருவது?

அதே சமயம், குற்றம் சாட்டப்பட்டவர் எதையும் நிரூபிக்கத் தேவையில்லை. அவர் குற்றவாளி என்று நமக்கு உறுதியாகத் தெரியவேண்டும். அநேகமாக இருக்கலாம் என்பது போதாது. அந்தப் பாரத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை. முதலில் பன்னிரண்டு பேரும் ஒருமனதாக முடிவெடுக்க வேண்டும். குறைந்தது இரண்டு மணி நேரம் கடந்த பின்னரே, பத்துப் பேரின் முடிவையும் ஏற்க நீதிபதி அனுமதிக்கலாம்.

இத்தகைய கொடுமையை வாழ்வில் சந்தித்தவர்கள் ஜூரியாக அழைக்கப்பட்டால், வழக்கு எதைப் பற்றியது என்று தெரிந்தவுடனே நீதிமன்ற ஊழியர் மூலம் நீதிபதிக்கு ஒரு குறிப்பு எழுதிக் கொடுங்கள். விலக்குவதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்வார்.