இடப்பக்கத்து ஜன்னல்

போன சனிக்கிழமை அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஒரு சிற்றூரில் பழைய பள்ளிக்கூடம் ஒன்றைப் பார்க்க மகளோடு போயிருந்தேன். வெள்ளை அடித்த மரப்பலகைக் கட்டடம், இரண்டே வகுப்பறை. செங்கல் தூண்கள்மேல் தரையிலிருந்து தூக்கிக் கட்டியிருக்கிறார்கள், ஈரம் ஏறாமல் காற்று போக.

இது ரோசன்வால்ட் பள்ளி. கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனும் வணிகர் ஜூலியஸ் ரோசன்வால்டும் சேர்ந்து தொடங்கிய திட்டத்தில், கறுப்பினப் பிள்ளைகளுக்காக 1932 வரை தென் மாநிலங்களில் இப்படி ஏறக்குறைய 5,000 பள்ளிகள் எழுந்தன. ரோசன்வால்ட் மொத்தப் பணமும் தரவில்லை. ஊர் மக்களும் பங்கு போட வேண்டும். அரசுக்கு வரி கட்டிய அதே மக்கள், மறுபடி தங்கள் கையிலிருந்து காசும் நிலமும் மரமும் உழைப்பும் கொடுத்தார்கள். அதை நினைத்தாலே மனம் கனக்கிறது.

அப்புறம் அந்த ஜன்னல்கள்! ஏறக்குறைய கூரைவரை உயரம், ஒட்டி ஒட்டி வரிசையாக. மின்சாரம் இல்லாத ஊர்களுக்கான வரைபடம் என்பதால் கிழக்கும் மேற்கும் பார்த்து வைத்தார்கள். வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வரும்படி மேசைகள். எழுதும் கையின் நிழல் தாளில் விழக்கூடாதாம். நான் இடக்கைக்காரி. உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன், என் நிழல் எழுத்தின் மேலேயே விழுந்தது. மகள் வலக்கையால் எழுதினாள். தாள் முழுக்க வெயில்.

இரண்டு அறைக்கும் நடுவே இருப்பது சுவரில்லை, நகர்த்தும் தடுப்பு. அதைத் திறந்தால் ஊர்க்கூட்டம் நடத்தும் கூடம்.