மூணரை மணிக்கு ஏலம்

கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் உணவு ஆலோசகராகச் சேர்ந்த புதிதில், என் மேசை இழுப்பறையில் ஒரு கட்டு ஜெராக்ஸ் தாள் இருந்தது. ‘1200 கலோரி உணவுப் பட்டியல்’ என்று தலைப்பு. எடை குறைக்கச் சொல்லி டாக்டர் அனுப்புகிற எல்லோருக்கும் அதிலிருந்து ஒன்றை உருவிக் கொடுப்பேன். காலை எட்டு மணிக்கு ஓட்ஸ் கஞ்சி, பதினொன்றுக்கு ஒரு ஆப்பிள், மதியம் இரண்டு சப்பாத்தி, இரவு சாலட். தாளில் எழுதியிருந்தது எதுவும் தப்பில்லை. அதனாலேயே, அதை எல்லோருக்கும் கொடுப்பது தப்பு என்று உறைக்க எனக்கு நாளானது.

உறைக்க வைத்தவர் முதுநகரிலிருந்து வந்த ஒரு மீன்காரம்மா. ஐம்பது வயதிருக்கும். 78 கிலோ, மூட்டுவலி, சர்க்கரை அப்போதுதான் எட்டிப் பார்த்திருந்தது. மூன்று வாரம் கழித்து வந்தபோது அரைக்கிலோ கூடியிருந்தார். “பட்டியல்படி சாப்பிட்டீங்களாம்மா?” என்றேன். இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து, எட்டாக மடித்த தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். மடிப்பெல்லாம் நைந்து, ஓரத்தில் வெற்றிலைக் கறை. எடுத்தபோதே மீன்வாடை. தூக்கிப் போடாமல் மூன்று வாரமும் கூடவே வைத்திருந்திருக்கிறார்.

“பாப்பா, மூணரைக்கு நான் ஏலத்துக்குப் போயாவணும். எட்டு மணிக்குத் தலையில கூடையோட தெருவுல நிப்பேன். அந்த நேரத்துல எங்க போயி கஞ்சி காய்ச்சறது?”

அன்றுதான், நேற்று கண் விழித்ததிலிருந்து என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று முதன்முதலாக ஒருவரிடம் கேட்டு எழுதினேன். துறைமுகத்தில் ஒரு டீ, ஏலம் முடிந்து ஒன்று, ஆட்டோ ஏறுமுன் ஒன்று. எண்ணினால் மதியத்துக்குள் ஆறு. ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஸ்பூனுக்கு 5 கிராம் என்றால் 60 கிராம். பாலைச் சேர்க்காமலே 240 கலோரி. நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கே சர்க்கரை 50 கிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நடுவில் இரண்டு வடை. பதினொன்றரைக்கு வீடு வந்தால் அகோரப் பசி; தட்டு நிறையச் சோறும் குழம்பும். “மீன் போட்டுக்கலையா?” என்றேன். “நல்லதெல்லாம் வித்துருவேன். மிஞ்சினா புள்ளைங்களுக்கு.” ஊருக்கெல்லாம் மீன் கொடுக்கிறவர் தட்டில் மீன் இல்லை. அதைக் கேட்டு எனக்குப் பேனா ஓடவில்லை.

இருவரும் உட்கார்ந்து அவருக்கென்று ஒரு தாள் எழுதினோம். கிளம்புமுன் ஒரு கைப்பிடி பழைய சோற்றை மோரில் கரைத்து ஒரு சொம்பு. டீ மூன்றுதான், அரை ஸ்பூன் சர்க்கரையோடு. வடைக்குப் பதில், வீட்டிலிருந்து கொண்டுபோகும் சுண்டல். கூடையிலிருந்து நாலு மத்தி முதலிலேயே அவருக்கென்று ஒதுக்கிவிட வேண்டும், வறுக்காமல் குழம்பில். சோற்றில் பாதியைக் குறைத்து அந்த இடத்தில் கீரை. நாலு மாதத்தில் 74 கிலோ. எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இறங்கிக் கொடுக்கும். அவருக்கு இறங்கியது.

பேலியோவா, கீட்டோவா, விரதமா, சிறுதானியமா, எது நல்லது என்று இப்போது வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். உள்ளே போகிற மொத்தக் கலோரி குறைந்தால் எதிலும் எடை குறையும். ஒரு வருஷம் கழித்தும் உங்களால் அதையே சாப்பிட முடியுமா என்பதைத்தான் நான் பார்க்கிறேன். கேழ்வரகுக் களிக்கு மாறியும் இளைக்கவில்லையே என்று வருந்துகிறவர்கள் உண்டு. கேழ்வரகும் அரிசியும் எடைக்கு எடை கலோரியில் ஏறத்தாழ ஒன்றுதான். நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் கேழ்வரகில் கூடுதல், அவ்வளவே. உருண்டையின் அளவு குறையாமல் உடம்பு குறையாது.

விரத விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பு. திருப்பாதிரிப்புலியூரில் கடை வைத்திருக்கும் ஒருவர், யாரோ சொன்னார்கள் என்று பதினாறு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தார். ஆனால் சர்க்கரை நோய்க்குக் காலையில் போடும் கிளிமிபிரைடு மாத்திரையை நிறுத்தவில்லை. அந்த மாத்திரை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும்; வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கல்லாவிலேயே சரிந்துவிட்டார். பக்கத்துக் கடைக்காரர் சர்க்கரைத் தண்ணீர் புகட்டியதால் பிழைத்தார். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள், டாக்டரிடம் அளவை மாற்றி வாங்காமல் ஒரு வேளையும் பட்டினி கிடக்காதீர்கள். கெஞ்சித்தான் கேட்கிறேன்.

மீன்காரம்மாவின் தாளும் நிலைக்கவில்லை. மே மாதம் வந்தபோது 75½. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாது, ஏலம் கிடையாது, கூடையோடு நடக்கிற நடையும் கிடையாது. வீட்டில் கருவாடும் சோறும், போதாததற்குப் பண்ருட்டிப் பலா தெருவெல்லாம் வந்து இறங்குகிற நேரம். நான் எழுதியது பத்து மாதத்துக்கான தாள்; மீதி இரண்டு மாதம் என் நினைவிலேயே இல்லை. கடலூரில் இருந்துகொண்டு அதை மறந்தது என் பிழை.

புதுத்தாள் எடுத்து ‘தடைக்காலம்’ என்று மேலே போட்டேன். சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரைவரை நடை, கருவாடு வாரம் இரண்டு நாள், உப்பைக் கழுவிவிட்டு. சோறு இன்னும் ஒரு கரண்டி குறைவு. பலாச்சுளையில்தான் பேச்சு நின்றது.

“எத்தனை சாப்பிடுறீங்க?”

“ஆளு பார்க்காதப்ப பத்து.”

“மூணு போதும்மா.”

“அஞ்சு, பாப்பா. வருஷத்துக்கு ஒருக்காதானே வருது.”

நாலு என்று எழுதினேன். தாளை வாங்கி எட்டாக மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார்.