நிறம் போன பிறகும் நீரில் இருப்பவை

1992இல் பாசனத்துக்கென நொய்யலின் குறுக்கே கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே திருப்பூரின் சாயக்கழிவு தேங்கும் இடமாக மாறியது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டதை எங்கள் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சாயக்கழிவுநீரைச் சுத்திகரிக்க ஆய்வகத்தில் தாமிர வினையூக்கியை நான் தேர்ந்தெடுத்தபோது மனத்தில் இருந்தது அந்த ஆறுதான்.

புளியில் உள்ள டார்டாரிக் அமிலத்தை இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்து ஆக்சிஜனேற்றம் செய்வதை 1894இல் வேதியியலாளர் ஃபென்டன் பதிவு செய்தார். இவ்வினையில் பிறக்கும் ஹைட்ராக்சில் தனி உறுப்பு (இணை சேராத எலக்ட்ரானுடன் நிற்பதால் வீரியமிக்க துகள்), எதிர்ப்படும் கரிமச் சேர்மம் எதையும் ஏறக்குறைய வேறுபாடின்றித் தாக்கக்கூடியது. ஆனால் இரும்பு நன்றாக வேலை செய்வது பி.எச். (அமில-கார அளவு; 7 நடுநிலை) 3 அளவில்தான், அதற்கு மேலே போனால் கசடாகப் படிந்துவிடும். பருத்திக்குச் சாயமேற்றிய கழிவுநீரோ சோடா சாம்பலால் காரத்தன்மை மிகுந்தது. அதை அமிலம் ஊற்றி இறக்கி, பிறகு காரம் சேர்த்து ஏற்றினால், ஏற்கெனவே உப்பால் திணறும் நீரில் மேலும் உப்பைத்தான் கூட்டுகிறோம். தாமிரம் நடுநிலைக்கு அருகிலும் செயல்படும். அதன் குப்ரஸ் அயனி (ஒற்றை மின்னேற்றத் தாமிரம்), இரும்பின் பெரஸ் அயனியைவிட நூறு மடங்குக்கும் அதிக வேகத்தில் பெராக்சைடுடன் வினைபுரியும்.

பருத்திக்கு ஏற்றும் ரியாக்டிவ் பிளாக் 5 என்ற சாயத்தின் கரைசலில் தாமிர ஆக்சைடுத் தூளையும் பெராக்சைடையும் சேர்த்து, அந்தச் சாயம் மிகுதியாக ஒளியை ஈர்க்கும் 597 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளி உட்கவர்தலை அளந்துகொண்டே வந்தேன். கருநீலம் வெளிறி, கடைசியில் நீர் தெளிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி சிறிதல்ல. மறு வாரம் என் ஆய்வு வழிகாட்டி ஒரு சோதனையைச் செய்யச் சொன்னார்: வினை பாதியில் இருக்கும்போதே தூள் முழுவதையும் வடிகட்டி எடுத்துவிட்டு, வடிநீரை மட்டும் தொடர்ந்து கவனிக்க வேண்டும். தூளின் பரப்பில் வினை நடப்பது உண்மையானால், வடிநீரில் நிறம் அப்படியே நிற்க வேண்டும். நிற்கவில்லை, தொடர்ந்து வெளிறியது. நான் திடப்பொருள் என்று நம்பிய வினையூக்கியின் ஒரு பகுதி நீரில் கரைந்திருந்தது, அந்தக் கரைந்த தாமிரமே வேலையைச் செய்துகொண்டிருந்தது. சாயம் சிதையும்போது உண்டாகும் ஆக்சாலிக் போன்ற சிறு அமிலங்கள் தாமிரத்தைப் பற்றி இழுத்து நீருக்குள் கொண்டுவருகின்றன. எனவே சிதைவு முன்னேற முன்னேறக் கசிவும் கூடக்கூடும்.

குளத்துப் பாசியை ஒழிக்க மயில்துத்தம் போடுவோம் அல்லவா? அந்த நஞ்சும் இதே தாமிரம்தான். ஆறு, ஏரிகளில் விடும் கழிவுநீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் வரை தாமிரத்தை நம் விதிகள் அனுமதிக்கின்றன; குடிநீருக்கான இந்தியத் தர அளவோ 0.05 மில்லிகிராம். டர்க்காய்ஸ் சாயங்கள் பலவற்றின் மூலக்கூறிலேயே தாமிரம் அமர்ந்திருப்பதால், அவற்றை உடைக்கும்போது வினையூக்கியிலிருந்து வருவதோடு இதுவும் சேர்ந்துகொள்கிறது.

நிறத்தை மட்டும் நம்புவதும் தவறு. சாயத்துக்கு நிறம் தரும், இரு நைட்ரஜன் அணுக்களுக்கு இடையிலான அசோ பிணைப்பு அறுந்தவுடன் நிறம் மறையும். சாய மூலக்கூறின் பென்சீன் வளையங்கள் அப்போதும் நீரிலேயே இருக்கும். நீரிலுள்ள கரிமப் பொருளை மதிப்பிட உதவும் வேதி ஆக்சிஜன் தேவையை அளந்தால், மிஞ்சிய பெராக்சைடே அளவைக் கூட்டிக் காட்டும் என்பதால், முதலில் அதை அகற்றிவிட்டு மொத்தக் கரிமக் கார்பனையும் சேர்த்துப் பார்க்கிறேன்.

உப்பு இன்னொரு தடை. குளோரைடு அயனிகள் ஹைட்ராக்சில் தனி உறுப்புகளை இடையில் பிடித்துக்கொள்கின்றன. பெராக்சைடுக்குப் பதில் பெர்சல்பேட் என்ற வேறொரு ஆக்சிஜனேற்றியைப் பயன்படுத்தினால், அது தாமிர ஆக்சைடின் பரப்பில் ஒட்டி நின்று, தனி உறுப்பாகப் பிரியாமலே சில பீனால் வகைச் சேர்மங்களிலிருந்து எலக்ட்ரானைப் பறிக்கிறது. இந்த வழியைக் குளோரைடு அவ்வளவாகப் பாதிப்பதில்லை.

இப்போது தாமிரத்தை இரும்புடன் ஒரே படிகத்தில் பிணைத்த காப்பர் ஃபெரைட்டைச் சோதித்துவருகிறேன். காந்தத்தை வைத்தால் தூள் குடுவையின் ஓரத்தில் வந்து ஒட்டிக்கொள்கிறது. தெளிந்த நீரை அணு உட்கவர் நிறமாலைமானிக்கு அனுப்பி, கரைந்த தாமிரத்தின் அளவு வந்த பிறகே நிற அளவைக் குறிப்பேட்டில் எழுதுகிறேன்.