கொப்பியை மூடுங்கோ

நமக்குப் படிப்பித்த சேர் காலமான செய்தி நம் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் வந்த அதே கிழமை நினைவு மலர்க்குழுவும் கட்டுரை கேட்டுவிட்டது. அவருடைய குரலைப் பற்றியும் கோபத்தைப் பற்றியும் எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். இங்கே எழுதப்படுவது அவர் நம்மைப் பரீட்சைக்கு ஆயத்தப்படுத்திய முறை மட்டும். பெயரும் தேவையில்லை. 'அரைத்தாள்' என்றால் அவரிடம் படித்த எல்லோருக்கும் விளங்கும். நம் பிள்ளைகள் இப்போது பரீட்சை வயதில் நிற்கிறார்கள். மேசையில் ஐந்து நிறத்தில் பேனை வைத்துக்கொண்டு புத்தகத்துக்கு வர்ணம் பூசுகிறார்கள். அதைப் பார்த்திருந்தால் சேர் என்ன சொல்லியிருப்பார் என்பது இந்தத் தலைப்பிலேயே இருக்கிறது.

அரைத்தாளை மறந்தவர்களுக்காக ஒருமுறை. பாடம் முடிந்ததும் கொப்பி மூடப்படும். தாளின் தலையில் பாடத்தின் பெயர் மட்டும். பத்து நிமிடத்தில் நினைவில் உள்ளதையெல்லாம் நீலப் பேனையால் எழுத வேண்டும்: வரைவிலக்கணம், சூத்திரம், படம், உதாரணம், எந்த ஒழுங்கிலும். மூன்றாம் நிமிடத்தில் எல்லாம் வற்றிப்போகும். அந்த இடத்தில் பேனையை வைத்துவிடுவதுதான் எல்லோரும் விடும் பிழை. மிச்ச ஏழு நிமிடமும் மண்டையைக் குடைந்துகொண்டு இருக்க வேண்டும். உண்மையான படிப்பு அப்போதுதான் நடக்கிறது. நேரம் முடிந்தபின் கொப்பியைத் திறந்து, விடுபட்டதைச் சிவப்பால் நிரப்ப வேண்டும். நாளைக்குப் படிக்க வேண்டியது சிவப்பு மட்டும். நீலத்தில் கை வைக்கக்கூடாது. சிலர் அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் அழகான எழுத்தில் திரும்ப எழுதிக்கொண்டு வருவார்கள். "இது சித்திர பாடமா?" என்பார்.

ஏன் வெறும் வாசிப்புப் போதாது என்பதற்கு அவர் நீண்ட விளக்கம் சொன்னதில்லை. கல்யாண வீட்டில் ஒருவரைக் கண்டால் முகம் தெரிகிறது, பெயர் வரமாட்டேன் என்கிறது. திரும்பத் திரும்ப வாசித்த பாடமும் அப்படித்தான் என்பார். பக்கத்தைப் பார்த்ததும் 'இது தெரியும்' என்று மனம் சொல்லிவிடும். பரீட்சை மண்டபத்தில் பக்கம் இல்லை, பெயர்தான் கேட்கிறார்கள்.

2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதையே அளந்து வெளியிட்டார்கள். ஒரு உரைநடைப் பகுதியை ஒரு குழு நான்கு தரம் வாசித்தது. இன்னொரு குழு ஒரு தரம் வாசித்துவிட்டு மூன்று தரம் பார்க்காமல் எழுதியது. ஐந்து நிமிடத்துக்குப் பின் கேட்டபோது வாசித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள்: 83 வீதம், மற்றவர்கள் 71. ஒரு கிழமை கழித்துக் கேட்டபோது கதை தலைகீழ். வாசித்தவர்களிடம் மிஞ்சியது 40 வீதம், எழுதிப் பார்த்தவர்களிடம் 61. பரீட்சை வாசலில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு நிற்பவன் ஏன் எல்லாம் தெரிந்தவன்போல் இருக்கிறான், அடுத்த தவணையில் ஏன் அவனிடம் ஒன்றுமே இருப்பதில்லை என்பது இதில் விளங்கும்.

தாளின் வலது மூலையில் நான்கு இலக்கங்கள் எழுதுவோம்: 1, 3, 7, 21. பாடம் நடந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். அந்தந்த நாளில் புதிய அரைத்தாள், அதே தலைப்பு, பழைய தாளைப் பார்க்காமல். முதலாம் நாள் பத்து நிமிடம் எடுத்தது இருபத்தோராம் நாளில் நான்கு நிமிடத்தில் முடியும். பாதிக்கு மேல் சிவப்பாக வந்தால் அந்தத் தலைப்பு மறுபடி 1இலிருந்து தொடங்கும். ஒரு நாள் தவறிப்போனால் அட்டவணையைக் கிழித்துப்போட வேண்டியதில்லை. நினைவு வந்த நாளில் எழுதிவிட்டு, அங்கிருந்து தொடரலாம். இந்த நான்கு எண்ணும் வேதவாக்கு அல்ல. 2, 5, 12 என்று வைத்தாலும் வேலை செய்யும். நாட்கள் தள்ளி இருக்க வேண்டும், இடைவெளி வரவர அகல வேண்டும், அவ்வளவுதான். ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனனம் செய்து, தானே மறந்து, நினைவு முதல் சில மணித்தியாலங்களிலேயே செங்குத்தாக இறங்குகிறது என்று 1885இல் எழுதிவைத்தார். முதல் மீட்டலை அடுத்த நாளே வைக்கச் சொன்னதற்குக் காரணம் அதுதான்.

அடுத்தது பிழைக் கொப்பி. நான்கு நிரல்: கேள்வி, எழுதியது, எழுத வேண்டியது, ஏன். நான்காவது நிரலில் 'கவனக்குறைவு' என்று எழுதினால் கொப்பி ஜன்னலால் போகும். அது காரணமல்ல, சாட்டு. தெரியாமல் விட்டதா, கேள்வியைப் பிழையாக வாசித்ததா, கணிப்பில் சறுக்கியதா, நேரம் போதாமல் போனதா என்று பிரித்து எழுத வேண்டும், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. தெரியாததற்கு அரைத்தாள். பிழையாக வாசிப்பதற்கு, கேள்வியின் வினைச்சொல்லுக்குக் கீழே கோடு: 'ஒப்பிடுக' என்றால் ஒவ்வொரு வரியிலும் இரண்டு பொருளும் வர வேண்டும், ஒன்றை மட்டும் வர்ணித்தால் புள்ளி இல்லை. கணிப்புக்கு, விடை நடக்கக்கூடியதா என்று கடைசியில் ஒரு பார்வை.

அந்தப் பார்வைக்கு அவர் காட்டிய உதாரணத்தை நம் வகுப்பு மறக்காது. 200 கிராம் எண்ணெயின் கனவளவு 250 கன சென்ரிமீற்றர். அடர்த்தியைக் கிலோகிராம், மீற்றர் அலகில் தருக. ஒருவர் 250ஐ 100ஆல் வகுத்து 2.5 கன மீற்றர் என்று போட்டு, 0.2ஐ அதால் வகுத்து 0.08 என்று விடை எழுதியிருந்தார். சேர் அதைக் கரும்பலகையில் பெரிதாக எழுதிவிட்டு, பக்கத்தில் ஐதரசன் வாயுவின் அடர்த்தியை எழுதினார்: ஏறத்தாழ 0.09. "இந்த எண்ணெய் போத்தலுக்குள்ளே நிக்குமோ, பறக்குமோ?" வகுப்பு ஐந்து நிமிடம் சிரித்தது. ஒரு கன மீற்றருக்குள் 10,00,000 கன சென்ரிமீற்றர் இருக்கிறது, நீளத்துக்குரிய 100ஐ மூன்று தரம் பெருக்க வேண்டும், ஆகவே விடை 800 என்பது அன்றைக்கு எல்லோருக்கும் ஏறிவிட்டது. சிரிப்புக்கு இலக்கானவருக்கும் ஏறியிருக்கும். என்ன விலைக்கு என்று யாரும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் சேரைப் பற்றி ஒரு பிழையும் சொல்ல வேண்டும். சிவப்பு அதிகமாக விழுந்த அரைத்தாளை அவர் பலகையில் குத்திவைப்பார். அடுத்த கிழமையிலிருந்து பின்வாங்குக்காரர் கொப்பியை மடியில் திறந்து வைத்துக்கொண்டு நீலத்தால் நிரப்பத் தொடங்கினார்கள். சிவப்புத்தான் அந்தத் தாளில் பெறுமதியான பகுதி என்று சொல்லித் தந்தவரே அதை அவமானமாக்கினார். வெட்கப்பட வைத்தால் பிள்ளை ஒளிக்கும். ஒளித்த பிழையை எந்த முறையாலும் திருத்த முடியாது. உங்கள் பிள்ளையின் அரைத்தாளை எட்டிப் பார்க்காதீர்கள். பலகையில் அடிக்கடி தொங்கிய பெயர்களில் ஒன்றுகூட இன்று நம் வட்ஸ்அப் குழுவில் இல்லை.

கணிதத்துக்கு அவர் அத்தியாயத் தலைப்பை வெட்டிவிட்டுக் கேள்விகளைக் கலந்து தருவார். நாம் எவ்வளவு முணுமுணுத்தோம்! இருபடிச் சமன்பாடு இருபதை ஒரே மூச்சில் செய்தால் பத்தாவதிலிருந்து கை மட்டும்தான் வேலை செய்யும். எந்த முறையைப் பாவிப்பது என்று தீர்மானிக்கும் பயிற்சி கிடைக்காது, பரீட்சையில் முதலில் கேட்கப்படுவதோ அதுதான். 2007இல் ரோரர், டெய்லர் இருவரும் திண்மங்களின் கனவளவுக் கணக்குகளை வைத்துப் பார்த்தார்கள். கலந்து செய்தவர்கள் பயிற்சியின்போது தடுமாறினார்கள்; ஒரு கிழமைக்குப் பின் நடந்த சோதனையில் அவர்களுக்கு 63 வீதம், வகை வகையாகச் செய்தவர்களுக்கு 20.

கடந்தகால வினாத்தாள்களைப் பற்றிச் சுருக்கமாக. கடைசி மூன்று வருடத்தை ஒளித்து வையுங்கள். அவை இறுதி மாதத்துக்கு. பழையவற்றைத் தலைப்பு வாரியாகப் பிரித்துச் செய்யலாம். ஒளித்து வைத்த தாளை ஒரே இருப்பில், கடிகாரத்தோடு, புத்தகம் இல்லாமல். 3 மணித்தியாலம், 100 புள்ளி என்றால் புள்ளிக்கு ஒன்றரை நிமிடம். 150 நிமிடத்தில் எழுதி முடித்து, வாசிக்கவும் சரிபார்க்கவும் 30 நிமிடம் மிச்சம். 10 புள்ளிக் கேள்வியில் 15 நிமிடம் தாண்டினால் இடம் விட்டுவிட்டு நகர வேண்டும். ஒரு கேள்வியை மெருகேற்றும் நேரத்தில் இன்னொரு கேள்வி வெறுமையாகக் கிடக்கும். புள்ளித்திட்டத்தை அடுத்த நாள் எடுங்கள். பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தால் எல்லாம் தெரியும்போலவே இருக்கும். திருத்தும்போது இரக்கம் காட்டக்கூடாது. 'அதைத்தான் நினைத்தேன்' என்பதற்குப் புள்ளி இல்லை.

செய்யுள், வரைவிலக்கணம் என்று அச்சொட்டாக வர வேண்டியவற்றில் நடுப்பகுதிதான் உதிரும். எப்போதும் முதல் வரியிலிருந்தே தொடங்குவதால் முதல் வரி மட்டும் கருங்கல்லாகிவிடும். நடுவிலிருந்து தொடங்கிச் சொல்லிப் பாருங்கள். கடைசி இரவு படிப்பதற்கல்ல, தூங்குவதற்கு. பகலில் படித்ததை மூளை உறுதிப்படுத்தத் தூக்கம் உதவுகிறது.

2013இல் டன்லொஸ்கியும் கூட்டாளிகளும் பத்துப் படிப்பு முறைகளை எடைபோட்டபோது, தன்னைத்தானே சோதிப்பதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் மேலே வந்தன. கோடிடுவதும் திரும்ப வாசிப்பதும் கீழே போயின. அப்போது நாமெல்லாம் கடல் கடந்து பல வருடம். நம்மில் ஆசிரியர்கள் உண்டு, பல்கலைக்கழகத்தில் படிப்பிப்பவர்களும் உண்டு. இந்தக் கட்டுரைகள் நம் மேசைக்கே வந்தன. 'சேர், உங்கட அரைத்தாள் சரியாம்' என்று நாலு வரி எழுதி அனுப்ப எவருக்கும் தோன்றவில்லை. சேரும் பழைய மாணவருக்காகத் தபால் பார்த்துக்கொண்டு இருந்த ஆளில்லை என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்ளலாம்.

ஒரு அரைத்தாள் எடுங்கள். தலையில் நம் வகுப்பின் பெயர். பத்து நிமிடம், நீலப் பேனை, இடாப்பு ஒழுங்கில் பெயர்கள். முன்வாங்கு கடகடவென்று வரும். மூன்றாம் நிமிடத்தில் வற்றும், பேனையை வைக்காதீர்கள். பின்வாங்கில், ஜன்னலோரம், எண்ணெய்க் கணக்குப் போட்டவர் இருந்த இடத்துக்கு வரும்போது முகம் தெரியும். சிவப்பால் நிரப்ப இடாப்பு நம்மிடம் இல்லை.